மூன்றில் நடு

ஜனவரி 6

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

நான் சுகம். நீயும் என் பிள்ளையும் சுகமா? அவன் இருமல் விட்டதா? என் காது மட்டும் இன்னும் ஒரு படி இறங்கியிருக்கிறது. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் அழுகையையும் சண்டையையும் வாங்கிக்கொண்ட காது. போதும் என்று கடையைக் கட்டிவிட்டது. அதனால்தான் போன் வேண்டாம், கடிதம் போடு என்கிறேன். கடிதத்தில் இரைச்சல் கிடையாது.

கோ ஆட்டப் பலகையைச் சமையலறை மேஜையிலேயே வைத்திருக்கிறேன். டீ போடும்போதெல்லாம் அதைப் பார்த்தபடி நிற்கிறேன். இடுப்பு உடைந்து உங்கள் வீட்டு ஹாலில் கிடந்தபோது, கிழவிக்குப் பொழுது போகட்டும் என்று நீ சொல்லிக்கொடுத்த ஆட்டம். கறுப்புக் காய் உனக்கு, வெள்ளை எனக்கு, கடிதத்துக்கு ஒரு காய். நாலு பக்கமும் வளைத்து மூச்சு விட இடமில்லாமல் செய்தால் எடுத்துவிடலாம். உள்ளே இரண்டு தனித்தனிக் காலியிடம், இரண்டு கண், அமைந்துவிட்டால் ஊரே திரண்டு சுற்றி நின்றாலும் எடுக்க முடியாது. சட்டம் இவ்வளவுதான். இதற்குள் இத்தனை வம்பு இருக்கும் என்று நீ அன்றைக்குச் சொல்லவில்லை.

போன நவம்பரில் உன் கடிதம் ஒன்று தபாலில் தொலைந்தபோது நாம் பேசி முடித்ததை மறுபடி எழுதிவிடுகிறேன். பிறகு தகராறு வரக்கூடாது. வந்து சேராத கடிதத்தில் இருக்கும் காய், காயே இல்லை. மறுபடி வைக்கலாம். வந்து சேர்ந்துவிட்டால், கெஞ்சினாலும் மாற்ற முடியாது.

ஒரு சின்ன விஷயம். வீட்டுக்காரர் மகன் நான் குடியிருக்கிற கீழ்த்தளத்தில் கடை போடப்போகிறானாம். ஜூன் கடைசிக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள். நான் வேறு இடம் பார்த்துக்கொள்வேன். என் பிள்ளையிடம் மூச்சு விடாதே. தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். போய் என்னை எங்கே வைப்பான்? நீ செய்கிற பல்லுக்கும் பிளாஸ்டர் மாவுக்கும் நடுவிலா?

என் காய்: மேல் வலது மூலை. ஆமாம், உன் மூலைதான். வலமிருந்து மூன்று, மேலிருந்து மூன்று.

லைனில் இரு.
அத்தை

*

ஜனவரி 19

அத்தைக்கு வணக்கம்.

நாங்கள் இருவரும் நலம். அவர் இருமல் குறைந்திருக்கிறது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி எண்ணெய்ப் புழுதியில் வேலை பார்ப்பவருக்கு முழுசாக விடாது. உங்கள் இடுப்பு எப்படி? படியேறும்போது கம்பியைப் பிடித்துக்கொள்கிறீர்களா?

நீங்கள் சொன்னபடி அவரிடம் சொல்லவில்லை.

இங்கே வேலை மூச்சு முட்டுகிறது. உடைந்த பல்லுக்கு மாட்ட நான் செய்த இரண்டு கேப்பைக் கிளினிக்கிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிறம் பக்கத்துப் பல்லோடு ஒட்டவில்லையாம். பல் நிறம் பார்க்க விளக்கு வெளிச்சம் உதவாது, பகல் வெளிச்சம்தான் வேண்டும். எனக்கிருப்பது சின்ன அறை ஜன்னல் ஒன்று. அதன் கீழே என் மேஜை, இந்தப் பக்கம் பல் சுடும் அடுப்பு, அந்தப் பக்கம் பிளாஸ்டர் டிரம். திரும்பினால் முழங்கை இடிக்கும். நீங்கள் பார்த்த அறைதானே.

பலகையில் பாதி இடம் சும்மா கிடக்க, என் மூலைக்குள்தான் வரவேண்டுமா? அங்கே இடம் கிடையாது அத்தை. நாலு புறமும் என் ஆட்கள்.

என் காய்: வலமிருந்து மூன்று, மேலிருந்து நான்கு. வழியை அடைத்தாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
பல்லுக்காரி

*

பிப்ரவரி 2

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

சுகம். கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். நீ கண்ணுக்கு மருந்து போட்டுக்கொள். பல்லையே முறைத்துப் பார்த்து உனக்குக் கண் சிவந்திருக்கும்.

வீடு தேடி அலைகிறேன். முதல் இடம் மூன்றாம் மாடி. வீட்டுக்காரர் என் மூக்குக்கு நேராக வந்து வாயைப் பெரிதாகத் திறந்து, “துணைக்கு யாரும்மா இருப்பாங்க?” என்றார். அவருடைய கடைவாய்ப் பல் இரண்டு சொத்தை. உன் விலாசம் கொடுத்திருக்கலாம். இரண்டாவது இடத்து அம்மாள் எனக்குக் கேட்க வேண்டும் என்று போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மூன்றாவது இடம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே அறைதான், ஆனால் அதற்கென்று தனிக் கதவு. ஜன்னல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி. மறுநாள் போனால் வேறு ஆளுக்குப் பேசியாகிவிட்டதாம். காது கேட்காதவள் கதவைத் தட்டினால் திறக்கமாட்டாள், குழாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். நான் படியிறங்கி வந்துவிட்டேன். எனக்கு வாய் அடங்கிய நாள் அது.

திரும்பி வந்த கேப்பில் மஞ்சள் தூக்கலாக இருந்திருக்கும். ஹாலில் கிடந்தபோதே பார்த்திருக்கிறேன், வெளிச்சம் சாய்ந்தால் உனக்கு மஞ்சள் பிடிபடாது.

உன் ஜன்னலில் காலை வெயில் இப்போதும் மேஜைக் கால் வரைக்கும் வருகிறதா? சும்மா கேட்டேன்.

என் காய்: வலமிருந்து நான்கு, மேலிருந்து மூன்று. இடமில்லை என்று வீட்டுக்காரர்கள் எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

லைனில் இரு.
அத்தை

*

பிப்ரவரி 27

அத்தைக்கு வணக்கம்.

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவ்வளவு வேலை ஒன்றும் இல்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். நீங்கள் நலமா?

ஜன்னலில் வெயில் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் உங்கள் கடித உறையைப் பார்த்துவிட்டு, “அம்மா என்ன எழுதியிருக்காங்க?” என்று கேட்டார். “மூலையில கொஞ்சம் பிரச்சினையாம்” என்றேன். சிரித்துக்கொண்டே பல் தேய்க்கப் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு எதிலும் கை ஓடவில்லை. ஒரு மெழுகு மாதிரியை இரண்டு தரம் செதுக்கிக் கெடுத்தேன். பிறகு அளவு நாடாவை எடுத்து அறையை நீளவாக்கில் அளந்தேன், அகலவாக்கில் அளந்தேன். எதற்கு அளந்தேன் என்று கேட்டால் தெரியாது. சுருட்டி டிராயரில் போட்டுவிட்டேன்.

வேறு வீடு ஏதும் அமைந்ததா? நல்ல இடமாகப் பாருங்கள். அவசரப்பட்டு எதையாவது பிடித்துவிடாதீர்கள்.

என் காய்: வலமிருந்து ஐந்து, மேலிருந்து மூன்று. நீங்கள் அதன் மேல் ஓரமாகப் புகுந்து ஐந்து, இரண்டில் வைத்தால், நான் ஆறு, இரண்டு. ஒரு தபால் மிச்சம். உங்களைக் கொல்லத்தான் பார்க்கிறேன், சொல்லிவிடுகிறேன்.

பல்லுக்காரி

*

மார்ச் 8

பல்லுக்காரிக்கு,

சுகம். பென்சிலில் எழுதுவதற்கும் எழுத்து குடித்தவன் நடைபோல் போவதற்கும் மன்னிக்கவும். விரலில் சின்ன வெட்டு.

நீ சொன்னபடியே ஐந்து, இரண்டு. நீ ஆறு, இரண்டு. பிறகு நான் நான்கு, இரண்டில் சேர்த்துக்கட்டுகிறேன். பலகையைக் கழுவி வெயிலில் வைத்திருப்பதால் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். எங்காவது பிசகியிருந்தால் சொல்லு.

அவனை மஃப்ளர் சுற்றிக்கொள்ளச் சொல்.

அத்தை

*

மார்ச் 15

அத்தை,

வணக்கம், நலம் எல்லாம் அப்புறம். கோ பலகையை யாராவது கழுவுவார்களா? நீங்கள் மேஜை விரிப்பையே மாதம் ஒருதரம்தான் துவைப்பீர்கள். “லைனில் இரு” என்று முடிக்காமல் இதுவரை ஒரு கடிதம் எழுதியதில்லை. என்ன நடந்தது? எனக்கு நேராக எழுதுங்கள்.

ஆட்டத்தில் நீங்கள் எதையும் பிசகவில்லை. பிசகியது நான்தான். இதோடு தனித் தாளில் ஒரு தொடர் அனுப்பியிருக்கிறேன். நான் இப்படி, நீங்கள் அப்படி என்று கடைசிவரைக்கும். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் அங்கேதான் போய் நிற்கிறது. முடிவில் மூலை ஓரமாக உங்களுக்கு வரிசையாக மூன்று காலியிடம் மிஞ்சும், அப்போது முறையும் உங்களுடையது. மூன்றில் நடுவில் வைத்தால் இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். பிழைத்துவிட்டீர்கள். என் மூலை போயிற்று. வயிறு எரிகிறது, ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன்.

உடனே பதில் போடுங்கள்.
பல்லுக்காரி

*

ஏப்ரல் 5

அத்தைக்கு வணக்கம்.

பதில் இல்லை. தினமும் வாசலில் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். மின்சாரக் கட்டணச் சீட்டு வருகிறது, பல்பொடி விளம்பரம் வருகிறது. என் தொழிலுக்கே பல்பொடி விளம்பரம்.

உங்களுக்குப் போன் செய்து பிரயோசனமில்லை. உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் எண் உங்கள் பிள்ளையிடம்தான் இருக்கிறது. எதற்கு என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லவேண்டிவரும். சொல்லாதே என்றது நீங்கள். ஆனால் நீங்கள் சொன்னதற்காக மட்டும்தான் நான் சொல்லாமல் இருக்கிறேனா என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை.

இந்த மாதம் பாதிக்குள் கடிதம் வரவில்லை என்றால் அவரிடம் சொல்லிவிடுவேன்.

பல்லுக்காரி

*

ஏப்ரல் 14

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் படி.

மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, வாசல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்து உன் கடிதத்துக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். கெட்டில் விசில் அடித்ததாம். மாடிவீட்டுக்காரர்களுக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் வற்றி, அடி உருகி, பக்கத்தில் கிடந்த துணியில் தீ பிடித்து, மேஜைக்கு வந்துவிட்டது. பலகையை இழுக்கப்போய் வலது கையில் கொப்புளம். இப்போது ஆறிவிட்டது, பார், எழுத்து நேராக இருக்கிறது. பலகையில் கீழ் இடது மூலை கரிக்கட்டை. நம் சண்டை நடக்கிற மூலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆயிரம் லைனை ஒரே சமயத்தில் கேட்டவளுக்கு ஒரு கெட்டில் கேட்கவில்லை. இதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. தீ கூடப் பரவாயில்லை.

வீட்டுக்காரர் ஜூன் வேண்டாம், மே கடைசியிலேயே போய்விடுங்கள் என்கிறார். அவர் மேல் தப்பில்லை. நான் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டேன். ஒரு அறைக்கு நான்கு கட்டில், எனக்குக் கதவோரக் கட்டில். ஆளுக்கு ஒரு அலமாரித் தட்டு. பலகை வைக்க இடம் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் வைத்து ஆடினால் சாப்பாட்டு நேரத்தில் கலைக்கவேண்டும். அதனால் ஆட்டத்தை இத்தோடு முடித்துக்கொள்வது நல்லது. குடிபோன பிறகு அவனிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன். உன் மேல் ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வேன்.

உன் வீட்டில் உனக்கு ஒரு ஜன்னல்தான். அதை நான் ஹாலில் படுத்துக்கொண்டு நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

உன் தொடர் முழுக்கச் சரி. அப்படியே ஏற்றுக்கொண்டேன். என் காய்: மூன்று காலியிடத்தில் இடது ஓரம்.

லைனை வைக்கிறேன்.
அத்தை

*

ஏப்ரல் 24

அத்தைக்கு வணக்கம்.

ஏப்ரலில் நீங்கள் ஏதாவது கடிதம் போட்டிருந்தால், அது எனக்கு வந்து சேரவில்லை. தபாலில் தொலைந்திருக்கவேண்டும். இந்தத் தபால்காரரை நம்பி ஆட்டம் ஆடுவதே தப்பு.

அந்த வராத கடிதத்தைப் பிரித்து, ஜன்னலோரம் நின்றபடி படித்தேன். கை, தீ, இல்லம் எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கடைசி வரிக்கு வந்தேன். இடது ஓரம். முதலில் காகிதத்தில் கோடு போட்டு ஆடியதால் இடம் மாறிவிட்டது என்று நினைத்தேன். பலகையில் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் வைத்தால் மிச்சம் இரண்டு இடம் ஒட்டிக்கொண்டு ஒரே கண், அவ்வளவும் செத்துப்போகும். இது ஆட்டம் படித்த முதல் வாரத்தில்கூட நீங்கள் செய்யாத தப்பு. வெள்ளைக் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கவேண்டிய முறை எனக்கு. ஒரு காயைத் தொட்டேன். எடுக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம். என் மேல் அதைவிட. ஜனவரியில் நீங்கள் சொல்லாதே என்றதும் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? உங்கள் பேச்சைக் கேட்கிற நல்ல மருமகளாகவும் இருக்கலாம், என் மேஜையையும் நகர்த்த வேண்டாம்.

அவரிடம் சொல்லிவிட்டேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, “ஜனவரியிலிருந்தா?” என்று மட்டும் கேட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சிவப்பு பல்பும் வயர்ச் சுருளும். யாராவது அழைப்பு மணியை அழுத்தினால் உங்கள் தலைமாட்டில் பல்பு எரியும்படி செய்யப்போகிறாராம். கெட்டிலுக்கும் ஒன்று யோசிக்கிறார். இரண்டு நாளாக என்னோடு அதிகம் பேச்சில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

அறையைத் தச்சரை வைத்து ஒழுங்காக அளந்தாயிற்று. ஜன்னல் இரட்டைக் கதவு ஜன்னல், நடுவில் ஒரு கட்டை இருக்கிறதல்லவா? அறையை இரண்டாக்கும் மறைப்புப் பலகை சரியாக அந்தக் கட்டையில் வந்து முட்டி நிற்கும். பாதி வெளிச்சம் எனக்கு, பாதி உங்களுக்கு. பிளாஸ்டர் டிரம்மை நகர்த்தியதும் பின்னால் ஒரு கதவு இருந்தது நினைவுக்கு வந்தது. வராந்தாவுக்குப் போகிற கதவு. குடிவந்த நாள் முதல் அதை அடைத்தே வைத்திருந்தேன். கீலுக்கு எண்ணெய் போட்டதும் திறந்துகொண்டது. அது உங்கள் கதவு. என் வழியாக வந்துபோக வேண்டியதில்லை.

இரக்கப்பட்டு எழுதுவதாக நினைக்காதீர்கள். பாதி ஜன்னல் போவதில் எனக்கு இன்னமும் எரிச்சல்தான். வந்தால் சண்டை வரும், நிச்சயம் வரும். ஆனால் மூன்றாவது கேப்பும் திரும்பி வந்துவிட்டது. மஞ்சள் தூக்கலாம். சாயங்கால வெளிச்சத்தில் பக்கத்தில் நின்று சொல்ல எனக்கு ஓர் ஆள் வேண்டும்.

ஆட்டத்தில் உங்கள் முறை. கடிதம் வராததால் மூன்று காலியிடமும் அப்படியே இருக்கிறது. காத்திருக்கிறேன்.

பல்லுக்காரி

*

மே 4

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

சுகம். கையில் தழும்புகூட மங்கிவிட்டது. நீங்கள் இருவரும் பேசிக்கொள்கிறீர்களா? அவன் அப்படித்தான், அவன் அப்பாவைப் போல. மூன்றாம் நாள் தானாகவே வந்து குடிக்கத் தண்ணீர் கேட்பான். நீ கொடு, அதோடு சரியாகிவிடும்.

என் கடிதம் தொலைந்துவிட்டதாக எழுதியிருந்தாய். லைன் கிடைத்தும் கிடைக்கவில்லை என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கெட்ட சேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட வேறு வழி தெரியாதபோது. அதனால் நீ சொல்வதை நான் நம்புகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தெருவில் நடந்தேன். எந்தத் தெரு என்று கேட்காதே. ஒரு சைக்கிள்காரன் பின்னால் மணியடித்துப் பார்த்துக் கடைசியில் என்னைச் சுற்றிக்கொண்டு போனான்.

ஆட்டத்தில் யாராவது விட்டுக்கொடுத்தால் எனக்கு ஆகாது. இந்தக் கடிதத்தை எழுதாமல் இத்தனை நாள் யோசித்தது அதைத்தான். ஆனால் இது விட்டுக்கொடுத்தது ஆகாது. வந்து சேராத காய், காயே இல்லை. சட்டம் போட்டவள் நான், என் சட்டத்தை நானே மீறமுடியாது.

இல்லத்துக்குப் போய்க் கதவோரக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன். அங்கே ஓர் அம்மாள் என்ன காரணம் என்று கேட்டாள். தபால் தொலைந்துவிட்டது என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பல்பு எரியாமல் என் பக்கத்துக்கு யாரும் வரக்கூடாது, அவனுக்கும் சேர்த்துச் சொல். மஞ்சளை மஞ்சள் என்று சொல்வேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது. கரிந்த பலகையைத்தான் எடுத்துவருவேன், புதுசு வாங்காதே. கீழ் இடது மூலை இல்லாமல் மிச்சத்தில் ஆடுவோம்.

மே கடைசி வரைக்கும் இங்கே உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமையில்லை. பெட்டி கட்டியாகிவிட்டது. தச்சரை விரட்டு.

என் காய்: மூன்றில் நடு. இனி நீயே நினைத்தாலும் என்னை அங்கிருந்து எடுக்க முடியாது.

லைனில் இரு. வருகிறேன்.
அத்தை